வசந்தா நீட்டிய சொம்பு

எண்பதுகளில் ஆரணியில் ஒரு தறிக்கூடத்தில் பட்டு நெய்தேன். கழிப்பறைக்குப் போக ஆண்களின் தறிகளைக் கடக்க வேண்டும். அந்தக் கூச்சத்தில், கத்திரி வெயிலிலும் மாலைவரை தண்ணீரைத் தொடமாட்டேன்.

ஒருநாள் என் ஜரிகைச் சுருளைக் காணவில்லை. தேடத் தேடத் தலை கிறுகிறுத்தது.

“நீதான்டி எடுத்தே!” என்று பக்கத்துத் தறி வசந்தாவைப் பார்த்துக் கத்தினேன். எல்லாத் தறிகளும் நின்றன.

அவள் முகம் கறுத்தது. ஆனாலும் என் வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டுச் சொம்பை நீட்டினாள். “மொதல்ல தண்ணி குடி அக்கா. அப்பால நாள் பூரா சண்டை போட்டுகினு இருக்கலாம்.”

குடித்தேன். சற்று நேரத்தில் தலை தெளிந்தது. வேர்வை படக்கூடாதென்று காலையில் நானேதான் சுருளைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்திருந்தேன்.

பழியைத் தறிக்கூடமே கேட்கும்படி சொன்ன நான், மன்னிப்பை மட்டும் அவள் காதோடு சொன்னேன். இன்றும் சொம்பைத் தூக்கினால் அது உறுத்துகிறது.