என் கைநாட்டு விழுந்த காகிதம்

வெள்ளைக்காரன் ஆட்சியில் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு புரட்டாசி மாதத்து உச்சிப்பொழுதில் போலீஸார் மலைமேல் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். அடிவாரத்தில் யாரோ தந்திக் கம்பியை அறுத்திருந்தார்களாம். முந்தின நாள் என் கணவர் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோயிருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

சாமை கொட்டி வைத்திருந்த தானியக் குதிரைச் சாய்த்துக் கொட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் தம் பையிலிருந்து கம்பிச் சுருளை எடுத்துச் சாமைக்குள் திணித்ததை நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. பயம்.

"சோதனை போட்டதுக்கு அடையாளம். கைநாட்டு வை" என்றார் அதிகாரி. வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. என் கணவரைக் கயிற்றில் கட்டி மலையிறக்கிக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு சோறு இறங்கவில்லை. உரலில் குத்தும்போதெல்லாம் பூட்ஸ் சத்தம் கேட்கும். மை போன பிறகும் பெருவிரலைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருப்பேன். ஸ்டேஷனில் என்னை உள்ளேயே விடவில்லை. எட்டாம் நாள் எட்டுக்கை அம்மன் முன்னால் விழுந்தேன். "தாயே, எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது. பேசறதுக்கு ஒரு ஆளைக் காட்டு" என்று கதறினேன்.

அடுத்த சந்தையில் மிளகு அளக்கும்போது அழுகை முட்டியது. வாங்க வந்தவர் கேட்டார்: "ஏனுங்கம்மா, எதுக்கு அழுவறீங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஒரு வக்கீலின் குமாஸ்தா.

"புடிச்சுட்டுப் போனவரு வக்கீல் வெச்சுப் பேசலாமுங்க. சட்டத்துலயே இருக்குது. யாரும் சொல்லலீங்களா?"

"இல்லீங்க."

அன்றே வக்கீலிடம் கூட்டிப்போனார். வக்கீல் சப் ஜெயிலில் என் கணவரைப் பார்த்துப் பேசினார். கோர்ட்டில், சோதனையை நேரில் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனிடம், "அந்த ஊட்டுக்கு எப்படிப் போனே?" என்று கேட்டார்.

"மாட்டு வண்டியிலீங்க. வாசல் வரைக்கும் போனமுங்க."

எங்கள் ஊருக்கு ஒற்றையடிப் பாதை மட்டுமே உண்டு. மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"கம்பி உங்க ஊட்டுல கெடச்சுதுன்னு இந்தக் காகிதத்துல இருக்குது. படிச்சுக் காட்டினாங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"இல்லீங்க சாமி. கம்பியை அவங்களேதான் போட்டாங்க. என் கண்ணால பார்த்தேனுங்க. பயந்துட்டுக் கை வெச்சுட்டேனுங்க."

கூண்டில் நின்ற என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே அவரை விடுதலை செய்தார்கள்.

மலையேறும்போது ஒரே ஒரு தடவை கேட்டார். "அன்னிக்கே பார்த்தியா, கண்ணு?"

"பார்த்தேனுங்க."

அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. இன்றும் பகலில் நாய் குரைத்தால் எழுந்து நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுகிறார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.

அவரை உயிரோடு திருப்பித் தந்தவள் அம்மன்தான். இப்போது எங்கள் மலைநாட்டில் எந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தாலும் நான் போய் நிற்கிறேன். காகிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள், வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள் என்கிறேன். என் குரல் நடுங்கத்தான் செய்கிறது.

பயத்தில் பேச்சு வராதபோது அம்மனைக் கூப்பிடுங்கள். கட்டாயம் ஆளை அனுப்புவாள். ஆனால் கண்ணால் பார்த்ததை அன்றே சொல்லிவிடுங்கள். என்னைப் போல் தாமதிக்காதீர்கள்.