தெரியாதது வந்தால் சிவப்பு

தொழிற்கூடம் முழுவதும் 'மூக்குப்பிடி அம்மா' என்று அழைத்த கணினி நிரல் எழுத்தர், 1956–2020.

அது காரணப் பெயர். படிக்கட்டு மூலையில் காய்ந்த எச்சிலையோ, குவளை விளிம்பில் பிறர் உதடு பதித்த சுவட்டையோ கண்டால் போதும், அவருடைய கைக்குட்டை தானாக மூக்குக்கு ஏறிவிடும். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் மீன் வியாபாரி. இந்த மூக்கு அந்தக் கூடையோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்று நாத்தனார் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். ஏற்பாடு எளியது. கணவர் பின்பக்கக் குழாயடியில் குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்ட பிறகே வாசற்படி மிதிப்பார். அவர் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுத்தால் சாப்பாடு தாமதமாகும் என்பது அவருக்குத் தெரியும்.

இருந்த வேலை போய், அடுத்ததாகக் கிடைத்த வேலையோ பொதுக் கழிப்பறை செய்யும் கூடத்தில். பேருந்து நிலையங்களில் வைப்பதற்கான, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் தகர அறைகளை அங்கே செய்தார்கள். ஆள் வெளியேறியதும் கதவு பூட்டிக்கொள்ளும். நாற்புறமும் மருந்து நீர் பீய்ச்சும். தரையைத் தூரிகை துடைக்கும். இவற்றை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் நிரலை எழுதுவது அவர் பொறுப்பு. அறைக்குள் போக வேண்டாம், கணினிமுன் உட்கார்ந்தால் போதும் என்று முதலாளி உறுதி கொடுத்த பிறகே சம்மதித்தார்.

முன்பிருந்தவர் விட்டுச்சென்ற நிரலைத் திறந்தபோதுதான், அசிங்கம் கழிப்பறையில் மட்டும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. 'இப்படியானால் இதைச் செய், அதுவும் இப்படியானால் அதைச் செய்யாதே' என்று நிபந்தனைக்குள் நிபந்தனையாகப் பக்கம் பக்கமாகப் போயிற்று. எங்கோ கசிந்தால் அங்கே ஒரு துணியைச் சுற்றி, அதுவும் கசிந்தால் மேலே இன்னொரு துணியைச் சுற்றிய குழாய் போலிருந்தது அது. கைக்குட்டை மூக்குக்கு ஏறியது. முழுவதையும் அழித்தார்.

அவர் எழுதியது ஓர் அட்டவணை. அறை எந்த நேரத்திலும் ஒரே ஒரு நிலையில்தான் இருக்கும்: காலி, ஆள் உள்ளே, வெளியேறல், கழுவல். தாழ் போடுவது, தாழ் எடுப்பது, தரைத்தட்டில் எடை ஏறுவது, இறங்குவது, கழுவி முடிவது ஆகியவை நிகழ்வுகள். இந்த நிலையில் இந்த நிகழ்வு வந்தால் அடுத்த நிலை இது என்று ஒவ்வொரு சோடிக்கும் ஒரே விடை. இரண்டு விடை கூடாது. விடையில்லாமலும் இருக்கக் கூடாது. எழுதியவுடன் ஓடும் ஸ்கிரிப்ட் மொழி என்பதால், அட்டவணையைப் படித்து இயக்குவதற்கு ஒரு சிறு சுழற்சியே போதுமாயிருந்தது. நிகழ்வை வாங்கு, அட்டவணையைப் பார், நிலையை மாற்று, அவ்வளவுதான். தினமும் காலையில் நிகழ்வுகளைச் சரம் சரமாகக் கோத்து அதற்குள் செலுத்தி, கடைசியில் எந்த நிலையில் போய் நிற்கிறது என்று பார்ப்பார். அந்த நாளில் அவர் முகம் சுளிக்காத நேரம் அது ஒன்றே.

மனிதர் செய்யக்கூடிய கோணங்கித்தனங்களை எல்லாம் முன்கூட்டியே எழுதிவிட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அட்டவணையில் இல்லாத சோடி எது வந்தாலும் அறை 'முடக்கம்' என்ற நிலைக்குப் போகும்படி செய்தார். அங்கே தண்ணீர் அடைபடும், மின்பூட்டு விடுபடும், உள்ளே இருப்பவர் போட்ட கைத்தாழ் மட்டும் மிஞ்சும், வெளியே சிவப்பு விளக்கு எரியும். காவலாள் வந்து சாவி போடும்வரை வேறெந்த நிகழ்வாலும் அந்த நிலையிலிருந்து மீள முடியாது.

முதலாளிக்கு அந்தச் சிவப்பு விளக்கு கண்ணில் விழுந்த தூசு. பார்க்க வருபவர்கள்முன் அது எரிந்தால் மானம் போகிறது என்றார். அவருடைய மைத்துனர், கூடத்தில் 'சின்ன முதலாளி' எனப்பட்டவர், அதற்கு வழி கண்டுபிடித்தார். அம்மா இரண்டு நாள் விடுப்பில் போன சமயம், நிரலில் 'முடக்கம்' என்றிருந்த ஒரே சொல்லை எடுத்துவிட்டு 'கழுவல்' என்று போட்டுவிட்டார். தெரியாதது எது வந்தாலும் கழுவிவிடும், கழுவிய பிறகு காலியாகிவிடும், விளக்கே எரியாது.

அறைகளை லாரியில் ஏற்றுவதற்கு முந்தைய நாள் காலையில் வழக்கம்போல் சரங்களைச் செலுத்தியபோது அம்மா அதைக் கண்டார். எடை ஏறிற்று, தாழ் போட்டாயிற்று, எடை இறங்கிற்று. தாழ் இன்னும் எடுக்கவில்லை, ஆகவே இது அட்டவணையில் இல்லாத சோடி. அறையோ கழுவத் தொடங்கிவிட்டது. உள்ளே ஆள் இருக்கும்போதே பூட்டி மருந்து நீரைப் பீய்ச்சும். அறைகள் வாசலைத் தாண்டிவிட்டால், யார் தலையில் அது கொட்டும் என்று சொல்ல முடியாது.

முதலாளியின் அறையில் மைத்துனரும் இருந்தார். அம்மா விளக்கியதைக் கேட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாழைப் போட்டுக்கிட்டு உள்ள இருக்கறவங்க எடை எப்படிம்மா இறங்கும்? பறப்பாங்களா?" என்றார் முதலாளி.

"எடை பார்க்கறது தரை மட்டும்தான். சீட்டு சுவரோட மாட்டியிருக்கு. காலைத் தூக்கிக்கிட்டு உக்காந்தா, தரைக்கு ஆளே இல்லைன்னு ஆயிடும்."

"எவ காலைத் தூக்கிக்கிட்டு உக்காருவா?"

"நான் உக்காருவேன். தரை ஈரமா நாறிக்கிட்டு இருந்தா, என்னை மாதிரி இருக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் உக்காருவாங்க."

மைத்துனருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ உக்காந்து காட்டுங்களேன்க்கா. நீங்க கட்டின கோயிலுக்குள்ள நீங்களே இன்னும் போகலையே."

வெள்ளோட்டத்துக்கான அறை முற்றத்தில் நின்றது. கூடத்தின் சொந்தக் கழிப்பறை அடைத்துக்கொண்டதிலிருந்து ஆட்கள் எல்லாரும் அதைத்தான் புழங்கிவந்தார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை, அதனால் அறை ஒரு முறைகூடத் தன்னைக் கழுவிக்கொள்ளவில்லை. அன்று காலைதான் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். தரையில் மஞ்சள் நீர் தேங்கி நின்றது. வடிகால் வாயில் முடிக்கற்றையும், ஊறிய காகிதமும், அணைத்துப் போட்ட சிகரெட் துண்டுகளும். தகரத் தகடுகளைப் பற்றவைப்பவர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அம்மா கைக்குட்டையை மடித்து மூக்கில் வைத்துக்கொண்டார். மறுபடி யோசித்தால் போகமாட்டோம் என்று தெரிந்தவர்போல் நேராக உள்ளே நடந்து தாழ் போட்டார்.

அறை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மின்பூட்டு 'டக்' என்று விழுந்தது. நீர் பீய்ச்சும் இரைச்சலும் தூரிகை உராயும் ஓசையும் எழுந்தன. பற்றவைப்பவர்தான் ஓடிப்போய்க் கதவை இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. கழுவி முடித்து, பச்சை விளக்கு எரிந்த பிறகே அம்மா வெளியே வந்தார். மருந்து நெடி கண்ணைக் கரித்தது. உடை உடலோடு ஒட்டியிருந்தது. வடிகாலில் கிடந்த முடிக்கற்றை அவருடைய முழங்கையில் சுற்றியிருந்தது. அதை விரல் நுனியால் எடுத்துக் கீழே போட்டார்.

"கழுவறது பிரமாதமா வேலை செய்யுது" என்றார் மைத்துனர். பற்றவைப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் அவர் யோசித்ததும் அம்மாவைப் பற்றியல்ல. "நாளைக்குப் பார்க்க வர்ற அதிகாரி காலைத் தூக்கிட்டா என்ன ஆகும் மச்சான்? ஆர்டரே போயிடும். பழசையே போடச் சொல்லு" என்றார்.

அம்மா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வடிகாலைப் பார்த்த அதே பார்வை.

"நான் போடறேன். இந்த நிரலை இனிமே வேற யாரும் தொடக் கூடாது. தொட்டா, அன்னைக்கே நான் வேலையை விட்டுப் போறேன். அப்புறம் நீங்களே உள்ள உக்காந்து டெஸ்ட் பண்ணிக்கங்க."

சொட்டச் சொட்டப் போய்க் கணினிமுன் நின்றபடியே அந்தச் சொல்லை மாற்றினார். அன்று மாலை குழாயடியில் குளித்தவர் அவர். வாளி வாளியாக நீர் மொண்டு ஊற்றியவர் மீன் வியாபாரி. சோப்பையும் இரண்டு முறை எடுத்துக் கொடுத்தார்.

அறைகள் பேருந்து நிலையங்களுக்குப் போயின. காலைத் தூக்குபவர்கள் அவர் நினைத்ததைவிட அதிகம் என்பது தெரிந்தது. சிவப்பு விளக்கு அடிக்கடி எரிந்தது. ஒவ்வொரு முறையும் காவலாள் எழுந்துபோய்ச் சாவி போட வேண்டியிருந்தது. விரைவிலேயே எல்லா நிலையங்களிலும் விளக்கின்மேல் கறுப்பு ஒட்டுநாடா ஏறிற்று. நிரலைத் தொட முடியாதவர்கள் விளக்கின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பவர் நனையமாட்டார், உண்மைதான். ஆனால் மயங்கி விழுந்து கிடந்தாலும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அம்மா நிலையம் நிலையமாகப் போய் அந்த நாடாவை உரித்தார். ஒரு காவலாள் மல்லுக்கு நின்றார். "இது எரிஞ்சா ஜனங்க பயப்படறாங்கம்மா."

"ஜனங்களுக்காக எரியல. உனக்காகத்தான் எரியுது. எந்திரிச்சுப் போய்ப் பாரு."

அவர் போய்விட்டதும் அந்த ஆள் மறுபடி ஒட்டுவார் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் அம்மா மறுபடி வருவார். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கை நகத்தால் பிசுபிசுத்த நாடாவின் ஓரத்தைக் கிளப்பி, முகம் சுளித்தபடியே இழுப்பார். கடைசியாக அப்படி ஒன்றை அவர் உரித்தெடுத்த நாள், 2019 நவம்பர் 23.