ஜெகதீசன் பயந்த வயது

கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டிய ஜெகதீசன் முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்றே இருந்தான். அவன் அப்பா செங்கல்வராயன் நாற்பத்தாறு வயதில், வயலில் மோட்டார் போடப் போன இடத்தில் மாரடைப்பு வந்து விழுந்து இறந்தார். பெரியப்பாவும் அதே வயதில்தான் போனார். இருவருக்கும் சர்க்கரை முற்றியிருந்தது கடைசியில்தான் தெரிந்தது. தனக்கும் அவ்வளவுதான் ஆயுசு என்று ஜெகதீசன் முடிவு கட்டியிருந்தான். அம்மா பெண் பார்க்கலாம் என்றால், "இன்னொருத்திய நடுவுல வுட்டுட்டுப் போவணுமா?" என்பான்.

2004இல் தங்கை தமிழ்ச்செல்வியை செங்கல்பட்டில் டாக்டர் ஜெசிந்தாவிடம் கூட்டிப்போனான். கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கு நான்கு வருடமாகக் குழந்தையில்லை. மாதவிலக்கும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான். ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி என்று தெரிந்தது. குடும்பத்தைப் பற்றி விசாரித்த டாக்டர், ஜெகதீசன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சுகர் பாத்திருக்கீங்களா?"

"எனக்கு இன்னாத்துக்குங்க மேடம்? கட்டி அவளுக்குத்தானே கீது."

"கட்டி அவங்களுக்குத்தான். ஆனா அதுக்குப் பின்னால இருக்கறது இன்சுலின் சரியா வேலை செய்யாதது. அது குடும்பத்துல வரலாம். அண்ணன் தம்பிக்கும்தான்."

முடிவைத் தெரிந்துகொள்ளப் பயந்து இரண்டு வாரம் தட்டிக்கழித்தான். தமிழ்ச்செல்வி விடவில்லை.

"அப்பாக்கு யாரும் பாக்கச் சொல்லல, அண்ணா. உனக்குச் சொல்லிக்கீறாங்க."

வெறும் வயிற்றில் சர்க்கரை 114. ரத்தத்தில் கொழுப்பும் கூடுதல்.

"இன்னும் சர்க்கரை நோய் வரல. வர்ற வழியில இருக்கு. இப்பவே புடிச்சிட்டோம்" என்றார் டாக்டர்.

"அப்ப தடுக்கலாமா?"

"தள்ளிப் போடலாம். வராமலே கூடப் பாத்துக்கலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குக் கண் கலங்கியது. தமிழ்ச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பின் காலை டிரிப் முடிந்ததும் சாப்பிடும் டீயும் போண்டாவும் நின்றன. அணுபுரம் குடியிருப்புத் தெருக்களில் ஒரு மணிநேரம் நடந்தான். தமிழ்ச்செல்வியும் மாத்திரை சாப்பிட்டு, தினமும் நடக்கத் தொடங்கினாள். ஆறு மாதத்தில் அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்கானது. அவனுக்குச் சர்க்கரை 98க்கு இறங்கியது. அன்று அம்மாவிடம் தானே போய், பெண் பார்க்கச் சொன்னான்.

பார்க்கப் போன பெண் அம்சா. ஜெகதீசன் எதையும் மறைக்கவில்லை.

"எங்க வூட்ல சர்க்கரை கீது. எனக்கும் வரலாம்."

"எங்க அப்பாக்கும் கீது" என்றாள் அம்சா. "வருசத்துக்கு ஒருதபா சேந்தே போய்ப் பாத்துக்கலாம்."