பாக்கெட்டில் இருந்த சிவப்புக் கிளிப்

தண்ணீர் என்றாலே எனக்கு உதறல். அப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் படகில் ஏறினேன். அண்ணன் அணையில் மீன் பிடிப்பவன். கர்நாடகாவில் நல்ல மழை, எந்த நேரமும் ஷட்டரைத் திறப்பார்கள், அதற்குள் வலைகளை எடுத்துவிட வேண்டும் என்று கூப்பிட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் என் வீட்டுக்காரரும் நானும் போனோம். இருந்த ஒரே லைஃப் ஜாக்கெட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள்.

கடைசி வலையை இழுத்துப் போட்டபோது இஞ்சினின் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டு, கையை விட்டுப் பிய்த்து எறிந்தார். அந்த நேரம் பார்த்துச் சைரன் ஊதியது. ஷட்டரைத் திறந்துவிட்டார்கள்.

அண்ணன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் அதே கதை.

"பெட்ரோல் ஏறலையோ மாப்ள?"

அவர் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் தளர்த்தினார். குழாயில் இருந்த ரப்பர் பல்பை அது இறுகும்வரை அமுக்கினார். சாவியைப் போடச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். பம்ப் முனகியது. ஃபில்டரில் தண்ணீர் இல்லை, ஃபியூஸும் போகவில்லை.

"சோக் இழுத்துப் பாக்க இது பழைய வண்டியில்ல மச்சான், இன்ஜெக்‌ஷன். உள்ள இருக்கற கம்ப்யூட்டரு எதுக்கோ வேணாங்குது," என்றார். ஒவ்வொரு முறையும் இஞ்சின் சுற்றும் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. பேட்டரி இறங்குகிறது என்று எனக்கே தெரிந்தது.

நான் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணையில் எப்போதும் மிதக்கும் அழுக்கு வெள்ளை நுரை. முதலில் எங்களைத் தாண்டிப் போனது. இப்போது ஒரு திட்டு என் பக்கத்திலேயே நின்றது. அது நிற்கவில்லை, நாங்களும் அதன் வேகத்தில் ஷட்டரை நோக்கிப் போகிறோம் என்று அப்புறம்தான் புரிந்தது. அண்ணன் துடுப்புப் போட்டான். படகு சுற்றியதே தவிர விலகவில்லை. ஷட்டரின் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. மூக்கண்டப்பள்ளியில் பக்கத்து வீட்டில் விட்டு வந்த மகளுக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன்.

அவர் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்தார். அப்போதுதான் தோன்றியது. துணி துவைக்கும்போதெல்லாம் அந்தப் பாக்கெட்டில் ஏதாவது ஒரு மெஷின் சாவி இருக்கும். போன வருடம் யாரோ தெரியாமல் மெஷினைப் போட்டுவிட, அவரோடு வேலை பார்த்தவரின் விரல்கள் பிரஸ்ஸில் போயின. அன்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து மகளின் தலையில் வைத்து நான்தான் சத்தியம் வாங்கினேன்: கை மெஷினுக்குள் போகுமுன் அதன் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். அன்றிலிருந்து அது அவர் கைக்குப் பழகிப்போனது.

"ஏங்க, கைய உடறதுக்கு முன்னாடி எதயாச்சும் எடுத்தீங்களா?" என்று கத்தினேன்.

அவர் முகம் வெளுத்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு சிறிய சிவப்புக் கிளிப் வந்தது. படகு ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் இடுப்புக் கயிறோடு கழன்று இஞ்சினை நிறுத்தும் கிளிப். அது இல்லாமல் இஞ்சின் பிடிக்காது. கயிறு தொந்தரவு என்று அண்ணன் வெட்டிவிட்டிருந்தான். சாவியோ தொலையாமலிருக்கக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதனால் அவர் கை தன்னாலே கிளிப்பை எடுத்திருக்கிறது.

அண்ணன் அதைச் சொருகிச் சாவியைத் திருப்பினான். ஈனமாக ஒரு சுற்று. பிடித்துக்கொண்டது.

கரையில் யாரும் யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கேட்டார்.

"இனிமே சாவிய எடுக்கட்டுமா, வேணாமா?"

"எடுங்க. எடுத்தா வாயத் தொறந்து சொல்லுங்க."

மதியம் போன் வந்தது. "சாவி பாக்கெட்ல இருக்குது," என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் கை மெஷினுக்குள் போகப்போகிறது என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கையை வெளியே எடுத்துவிட்டேன் என்று அவர் மறுபடி கூப்பிடும்வரை நான் சோற்றில் கை வைக்கவில்லை.