மாரியம்மன் வாசலில் ஏலம்

பஞ்சாயத்துத் தலைவர் பதவி ஏலம் போன சேதி அமிர்தத்துக்குக் கோயில் ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. நடவை முடித்துக் கரையேறி, பெண்களோடு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் கரகரத்தது.

"ஊர்ப் பெரியவங்க எல்லாரும் ஒத்துமையா பேசி, ஆத்தா உத்தரவுப்படி, செங்கச் சூளைக்காரர் கந்தசாமி சம்சாரம் சந்தியாவ தலைவியா ஏகமனதா தேர்ந்தெடுத்துக்கிறோம். கோபுர வேலைக்கு அவங்க பதினெட்டு லட்சம் குடுக்கறதா ஒத்துக்கினாங்க. இதுக்கு எதிரா யார் மனு போட்டாலும் அது தெய்வ குத்தம்..."

அமிர்தம் கால் கழுவுவதை நிறுத்தினாள். "ஆத்தா எப்ப, எங்க உத்தரவு குடுத்தா?" என்று பக்கத்தில் நின்ற கலையரசியைக் கேட்டாள். கலையரசி அவள் நடவுக் கும்பலிலேயே சின்னவள், குனிந்து காலைத் தேய்த்துக் கழுவினாள்.

தியாகதுருகத்திலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் வரும் ஊர் அது. 2021 உள்ளாட்சித் தேர்தலுக்கு அந்த ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்திருந்தது. பெண்களுக்கான பதவியை ஆண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து ஏலம் விட்டிருக்கிறார்கள். காலையில் தண்டோரா போட்டபோதே, "வூட்டுக்கு ஒரு ஆம்பள வரணும்" என்றுதான் சொன்னார்கள். கோயில் வரி வசூல் பேசப்போகிறார்கள் என்று நினைத்து அமிர்தம் வயலுக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பதினாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவு, களை, கரும்பு வெட்டு என்று கூட்டிப்போவாள். கூலியைப் பேசுவது அவள்தான். மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வராதபோது காலிக் குடங்களோடு பஸ்ஸை மறித்தவளும் அவள்தான். மாரியம்மன் மேல் அவளுக்கு இருந்த பக்தி ஊரே அறிந்தது. பதினாறு வருஷமாக ஆடி மாதம் வீடு வீடாகக் கேழ்வரகு வாங்கி, அண்டாவில் கூழ் காய்ச்சி ஊற்றுகிறாள். ஒன்பது வருஷம் தீச்சட்டி எடுத்திருக்கிறாள். அம்மை வந்த பிள்ளைக்கு ஊசி போட்டாலும் கூடவே வேப்பிலையும் வைக்கிறவள்.

அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது. சாமி இல்லை என்கிறவளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

வீட்டுக்கு வந்தால் புருஷன் அம்மாசி கையை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை கரியாக இருந்தது.

"இன்னாய்யா அது?"

"எல்லாரும் கற்பூரம் அணைச்சாங்க. நம்ம வூட்டுல இருந்து யாரும் மனு போட மாட்டோம்னு சத்தியம். நானும் பண்ணிட்டேன்."

"யார கேட்டு பண்ண?"

"ஊரே பண்ணுது. நான் மட்டும் எந்திரிச்சு வர முடியுமா?"

"என் பேர்ல சத்தியம் பண்ண நீ யாருய்யா? எனக்கும் ஆத்தாளுக்கும் நடுவுல நீ எப்ப வந்த? கூழு காய்ச்சறப்ப வந்தியா, சட்டி எடுக்கறப்ப வந்தியா?"

அம்மாசி சாது. லோடு ஏற்றும் வேலைக்குப் போவான், வாங்கியதை அவளிடம் கொடுப்பான், சத்தம் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவான். அன்றும் அப்படியே போனான். அவன் போனபிறகு அமிர்தம் அடுப்பு மூட்டவில்லை. அந்த நிமிஷம் வரை தலைவியாகிற எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது. இனி எந்தப் பெண்ணும் அதை நினைக்கவே கூடாது என்று அவள் சாமியின் முன்னால் நெருப்பு வைத்துச் சொல்லிவிட்டார்களே, அதுதான் அவளை எரித்தது.

பயமும் இருந்தது. கற்பூரம் அணைத்த சத்தியத்தை மீறியவர்கள் கண் அவிந்து போனதாகவும் வம்சம் இல்லாமல் போனதாகவும் கேட்டு வளர்ந்தவள். மறுநாள் மத்தியானம், ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் கோயிலுக்குப் போனாள். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கேட்டாள்: "அந்தக் காச நீ கேட்டியா? கேட்டிருந்தா இப்பவே சொல்லிடு, நான் திரும்பிப் போயிடறேன்." கொஞ்ச நேரம் நின்றாள். பல்லி கூடச் சத்தம் போடவில்லை. "அப்ப நீ கேக்கல," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மனு போட ஒரு முன்மொழிபவர் வேண்டும். அதே ஊர் வாக்காளராக இருக்கவேண்டும். அமிர்தம் தன் பதினாலு பெண்களின் வீட்டுக்கும் போனாள். எல்லா வீட்டிலும் ஒரு ஆணின் உள்ளங்கை கரியாகியிருந்தது. "எங்க வூட்டுக்காரு சத்தியம் பண்ணிட்டாருக்கா, கொயந்த குட்டிங்க இருக்கிற வூடு" என்றார்கள். கலையரசி கதவையே திறக்கவில்லை, உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள்தான் அவளுக்கு அது உறைத்தது. ஊரில் சத்தியம் பண்ணாத தெரு ஒன்று இருந்தது. காலனித் தெரு. அவர்களை யாரும் ஏலத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது, அந்தக் கோயில் வாசலில் அவர்கள் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

சாலம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நூறு நாள் வேலையில் அமிர்தத்தோடு ஏரிக்கரையில் மண் வெட்டியவள். அமிர்தம் தெருவுக்குள் வருவதைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா இந்தப் பக்கம்? வழி தப்பி வந்துட்டியா?"

"சாலம்மா, ஒரு கையெழுத்து வேணும்," என்று அமிர்தம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்து, "நீங்க யாரும் சத்தியம் பண்ணல, உங்க தெருவுக்குத்தான் பயம் இல்ல" என்றாள்.

சாலம்மாள் முகம் மாறியது. "பயம் இல்லையா? எங்களுக்கும் அவ ஆத்தாதான். உள்ள வுட்டிருந்தா எம் மவனும் வந்து கற்பூரம் அணைச்சிருப்பான். எங்கள வெளிய நிறுத்தனதுனால இன்னிக்கு எங்க கை சும்மா இருக்கு. அத தேடிக்கினு வந்துட்ட."

அமிர்தம் திண்ணை ஓரமாக உட்கார்ந்தாள். சாலம்மாள் விடவில்லை.

"பதினாறு வருஷமா கூழு ஊத்துறியே, எங்களுக்கு எங்க ஊத்துன? மரத்துக்கு அந்தாண்ட. சொம்ப கீழ வச்சுட்டு நாங்க தள்ளி நிக்கணும், நீ மேல இருந்து ஊத்துவ. ஒரு வருஷமாவது உனக்கு இப்பிடிக் கோவம் வந்துச்சா? உம் புருஷன் உன்ன கேக்காம சத்தியம் பண்ணான்னதும் வந்துச்சு பாரு."

"வழக்கம்னு இருந்துட்டேன்."

"கந்தசாமியும் அதான சொல்றான்."

அமிர்தம் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். தன்னை விடப் பதினாலு வயது மூத்தவளை இத்தனை காலமும் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட்டுவந்தது கூட அப்போதுதான் அவளுக்கே கேட்டது. உட்கார்ந்தே இருந்தாள்.

"நீ தலைவியா வந்தா, எங்களுக்கு அடைச்சு வச்சிருக்கிற கோயில் வழிய இன்னா பண்ணுவ?"

"தெரியலங்க. உண்மைய சொல்றேன், தெரியல."

"தெரியாது. கையெழுத்து மட்டும் வேணும்." சாலம்மாள் முறத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். "போடறேன். உனக்காவ இல்ல. ஓட்டே இல்லாம அந்தம்மா உக்காந்துட்டா அஞ்சு வருஷத்துக்கு ஒருத்தனும் எங்க தெருவுல கால் வைக்க மாட்டான். ஓட்டுன்னு ஒண்ணு நடந்தாத்தான் வந்து கும்புடு போடுவான். அந்தக் கும்புட எதுக்கு நான் வுடணும்?"

மறுநாள் இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஒன்றிய அலுவலகம் போனார்கள். அங்கே கந்தசாமியின் கார் நின்றது. பின்சீட்டில் பட்டுப்புடவையோடு சந்தியா உட்கார்ந்திருந்தாள். அமிர்தத்தைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, "எனக்கே மைக்குல கேட்டுத்தான் தெரியும்க்கா" என்றாள். அதற்குள் கந்தசாமி வந்துவிட்டான், கண்ணாடி ஏறிக்கொண்டது. அமிர்தத்துக்கு அவள்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. மைக்கில் கேட்டுவிட்டுப் பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே!

மனுவை வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் அவளுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது. மாவு மில்லில் அரைக்க மாட்டோம் என்றார்கள். பேசி வைத்திருந்த களை வேலைக்கு வேறு ஆட்கள் போனார்கள். கோயிலுக்குள் வரவேண்டுமானால் அபராதம் கட்டி, விழுந்து கும்பிட்டு, மனுவை வாபஸ் வாங்கவேண்டும் என்று குழாயில் சொன்னார்கள். அம்மாசி அவளிடம் பேசுவதை நிறுத்தினான்.

வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று காலையில் அம்மாசி மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அமிர்தம் ஓடிவந்து சேர்ந்த அரைமணி நேரத்தில் கந்தசாமியும் கூட இரண்டு பேரும் வந்தார்கள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு படிவமும் இருந்தன.

"பாத்தியாம்மா, ஆத்தா காட்டிட்டா," என்றான் கந்தசாமி. குரலில் வருத்தம் இருந்தது. அதை அவன் உண்மையாகவே நம்பினான் போலும். "இத்தோட வுட்டாளேன்னு சந்தோசப்படு. மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. கையெழுத்து போட்டுடு."

அமிர்தம் அம்மாசியைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "போட்டுடு அமிர்தம்" என்றான். படிவம் கட்டிலின் மேல் இருந்தது. பேனாவைத் திறந்தே நீட்டினார்கள். அவள் அதைக் கையில் வாங்கக் கூட வாங்கிவிட்டாள்.

"எப்படிய்யா வுழுந்த?" என்று கேட்டாள்.

"கவுறு அறுந்துச்சு."

"எந்தக் கவுறு?"

"அதான், பழைய கவுறு. போன வாரமே மாத்தச் சொல்லியிருந்தேன்."

அமிர்தம் பேனாவை மூடினாள். "இத்துப்போன கவுறு அறுந்ததுக்கு ஆத்தா மேல பழி போடுறீங்களே, உங்களுக்கு வாய் கூசல? எம் புருஷன் தோள ஒடைச்சுத்தான் உஞ் சம்சாரத்த ஜெயிக்க வைக்கணும்னா அவ ஆத்தாளே இல்ல, உஞ் சூளையில வேல பாக்குற மேஸ்திரி. எடுத்துக்கினு போ இத. ஹார்லிக்சையும் எடுத்துக்கினு போ."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நர்ஸ் வந்து சத்தம் போடக் கூடாது என்றாள். கந்தசாமி போய்விட்டான். அமிர்தம் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, மூன்று மணி ஆகும் வரை அழுதாள். பயம் போகவில்லை. பயத்தோடேதான் உட்கார்ந்திருந்தாள்.

தேர்தல் நடந்தது. அவளுக்குப் பூட்டு சாவி சின்னம். சாலம்மாள் சொன்னபடியே கந்தசாமி காலனித் தெருவுக்கு நாலு தடவை வந்து கை கூப்பினான். அமிர்தமும் வந்தாள். அவளிடம் சாலம்மாள் கேட்ட அதே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கோயில் வழி எல்லோருக்கும் வேண்டும் என்று ஊராட்சி மன்றத்தில் முதல் தீர்மானமாக வைப்பேன் என்று சொன்னாள். அதை அவள் ஊர்த் தெருவிலும் சொல்லவேண்டும் என்றாள் சாலம்மாள். பால் சொசைட்டி முன்னால் நின்று சொன்னாள். யாரோ சாணியை வீசினார்கள், முந்தானையில் பட்டது. வீசிய பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை அதையே சொன்னாள்.

தோற்றுப்போனாள். சந்தியாவுக்கு எழுநூற்று நாற்பத்திரண்டு. அமிர்தத்துக்கு நானூற்று எழுபத்தாறு. பதவியைப் போட்டியில்லாமல் கொடுத்தால்தான் பணம் என்று கந்தசாமி கோபுரத்துக்குப் பைசா தர மறுத்துவிட்டான். சத்தியம் சத்தியம்தான் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் அவனோடு சண்டை போட்டார்கள். ஆத்தா உத்தரவு என்ற பேச்சை அதன்பிறகு இரண்டு தரப்பும் எடுக்கவில்லை. அம்மாசி தோள் கூடியது. ஒருநாள் சோறு போடும்போது, "கவுறுதான்," என்று மட்டும் சொன்னான்.

ஆடியில் கோயில் வரிக்கு வந்தவர்கள் அவள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். வரி வாங்கவில்லை என்றால் ஊரில் சேர்த்தி இல்லை என்று அர்த்தம். இன்றுவரை அப்படித்தான். கோயில் வழி கேட்டுக் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை திங்கட்கிழமையாக அவளும் சாலம்மாளும் மூன்று மனு கொடுத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் ரசீது வந்தது, வேறொன்றும் வரவில்லை.

உள்ளூரில் வேலை இல்லாததால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போனாள். அவள் பதினாலு பேரில் ஒன்பது பேர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கலையரசியும் வந்தாள். ஒருநாள் பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டே வந்தவள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"யக்கா, நான் உனக்குத்தான் குத்துனேன். எங்க வூட்டுக்காருக்குத் தெரியாது."

காலனியில் முந்நூறு ஓட்டுதான். மிச்சம் நூற்றெழுபதுக்கு மேல் ஊர்த் தெருவில் விழுந்தவை என்பது அமிர்தத்துக்குத் தெரியும். அவள் கத்தியை நிறுத்தினாள்.

"இங்க கரும்புக்குள்ள வந்து ஏண்டி குசுகுசுன்னு சொல்ற? எனக்குக் கதவு தெறக்க முடியல, இல்ல? ஊர்ல போய்ச் சொல்லு. கோயில் வாசல்ல நின்னு, உம் புருஷன் காதுல வுழற மாதிரி சொல்லு."

"எப்படிக்கா சொல்றது!"

"அப்ப எங்கிட்டயும் சொல்லாத."

கலையரசி தலை குனிந்துகொண்டு தோகையை உரித்தாள். அமிர்தம் கரும்பை அடியோடு சேர்த்து வெட்டித் தள்ளிக்கொண்டு, அவளை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டாள்.