பிஸ்கட் டின் மாத்திரைகள்

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் தன் லோரியில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். யார் வீட்டில் கிளினிக் மாத்திரை மிஞ்சினாலும் அதில்தான் கொண்டுவந்து போடுவார்கள். செத்துப்போனவர்களின் மாத்திரையும் அதில் கிடந்தது. வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புளித்த வாடை அடிக்கும். யாருக்காவது வலி என்றால், மண்டோர் அழுக்கு விரலை உள்ளே விட்டு, நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அன்று குலை வெட்டும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவர் இரண்டு மாத்திரை நீட்டினார். போன வருடம் பல்வலிக்கு அதையே தின்று மூச்சு இழுத்தது நினைவிருந்தது. இருந்தும் விழுங்கினேன். பத்துப் பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அரை மணி நேரத்தில் மூக்கு ஒழுகியது, நெஞ்சு இறுகி விசிலடித்தது. லோரியில் போட்டுச் சபாக் டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. என்ன சாப்பிட்டேன் என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மண்டோர், தோட்டத்துத் தூசிதான் சேரவில்லை என்றார். நானும் இளித்துக்கொண்டு தலையாட்டினேன். 

இடுப்பு வலியைச் சொன்னதும், அதற்கு ஊசி போடச் சொன்னார் டாக்டர். நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றுவதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

"டாக்டர், வலி மாத்திரை தின்னுதான் எனக்கு இழுத்துச்சு. போன வருசமும் அப்படித்தான்."

அவர் நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த மாத்திரை உடம்பிலுள்ள ஓர் என்சைமை அடக்கித்தான் வலியைக் குறைக்கிறதாம். என்னைப் போன்ற சிலருக்கு அந்த வழி அடைபட்டதும், உடம்பு வேறொன்றை அதிகமாகச் சுரக்கும். அது மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையை இறுக்கிவிடும். ஊசியும் அதே வகை மருந்து. போட்டிருந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றார். டின்னைத் தூக்கி வீசும்படி மண்டோரிடமும் சொன்னார்.

லோரியில் ஏறியதும் மண்டோர் சிரித்தார். "அதுக்காக வீசிட முடியுமா லா? உனக்கு மட்டும்தானே சேரல."

"நம்ம ஆளுங்கள்ல இன்னும் ரெண்டு பேருக்கு இழுப்பு இருக்குண்ணே," என்றேன்.

அவர் கண்ணாடியில் பார்த்துப் பல் குத்தி, சன்னல் வழியே துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.