வாப்பாவின் நடை அட்டை

என்னிடம் இருக்கும் அட்டையின் தலைப்பில் 'மார்ச், ஏப்ரல் 2007' என்று வாப்பாவின் கையெழுத்து. நாளுக்கு ஒரு கட்டம், அதற்குள் அன்று நடந்த காலடிகள். சனி முதல் வியாழன் வரை பத்தாயிரத்துக்குக் குறையாது. வெள்ளி மட்டும் சில நூறு.

வாப்பா வளைகுடாவில் கிரேன் ஆபரேட்டர். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. சர்க்கரை ஏறியிருந்ததால் கம்பெனி டாக்டர் காலடி எண்ணும் மீட்டர் ஒன்றைக் கொடுத்து, இரண்டு மாதம் நடந்து காட்டினால்தான் மெடிக்கல் சான்றிதழில் கையெழுத்து என்றிருந்தார். கையெழுத்து இல்லையென்றால் வேலையும் விசாவும் இல்லை. மூவரும் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

டூட்டி முடிந்ததும் ரோலா பூங்காப் பக்கம் நடக்கப் போவார். ஏப்ரல் வெக்கையிலும் சட்டை நனையாமல் திரும்புவார். உம்மா அட்டையை என்னிடம் காட்டினார்.

"லீவு நாள்லதானே நடக்க நேரம் இருக்கும்? அன்னைக்குப் பாத்து ஒங்க வாப்பாக்குக் கால் இல்லாமப் போவுது."

ஒரு நாள் ரொட்டி வாங்கும் சாக்கில் என்னை வாப்பாவின் பின்னால் அனுப்பினார். எனக்கு ஒன்பது வயது.

வாப்பா நடக்கவில்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், கார்கோ கிடங்கில் மூட்டை சுமக்கும் சிவகங்கைக்காரர், தன் இடுப்பிலிருந்து மீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கண்டெய்னர் எறக்கியிருக்கேன் பாய். ஒங்க டாக்டரு அசந்துருவாரு."

வாப்பா எண்ணை எழுதிக்கொண்டு மீட்டரைத் திருப்பிக் கொடுத்தார். வியாழனன்று மட்டும் வாங்கி வைத்துக்கொள்வாராம்; வெள்ளி கிடங்குக்கு விடுமுறை. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"உம்மா கேட்டா, வாப்பா நடக்குறாங்கன்னு சொல்லும்மா."

திரும்பும் வழியில் கடைக்குக் கடை நின்று, வாங்கப்போகாத கைக்கடிகாரங்களைப் பார்த்தார். நடக்க வேண்டிய ஒரு மணி நேரத்தை ஒப்பேற்றுகிறார் என்று நினைத்தேன். உம்மாவிடம், நடக்கிறார் என்றேன். உம்மா என் முகத்தையே பார்த்தார். அதன்பின் அட்டையைப் பற்றிப் பேசவேயில்லை.

மெடிக்கலில் கையெழுத்து விழுந்தது. ஜூனில், கிரேனிலிருந்து இறங்கும்போது வாப்பா மயங்கி விழுந்தார். இதயத்தில் அடைப்பு, பல மாதங்களாகவே இருந்திருக்கும் என்றார்கள். ஊருக்கு வந்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமைகளை மட்டும் இப்போது வரிசையாகப் படிக்கிறேன். எண்ணூற்றுச் சொச்சம், எழுநூறு, ஐந்நூற்றுப் பத்து, முந்நூறு. அட்டையில் அவர் தானே நடந்த நாட்கள் அவை மட்டும்தான். அன்று எனக்குப் பொய் மட்டுமே தெரிந்தது. அந்தக் கட்டங்களை முதலில் சுட்டிக்காட்டிய உம்மாவுக்கு எது தெரிந்திருந்தது என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.